வலியவனை எதிர்த்தவனுக்கு எவ்வளவு புகழ்?

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்க மண்டபத்தில் நடைபெற்ற பட்டிமன்றத்தில், போற்றத்தக்கது வெற்றியா முயற்சியா என்னும் தலைப்பில், முயற்சியின் பக்கம் நின்று பேசும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. குத்துச்சண்டை வீரர்களையே சான்றாக எடுத்துக்கொண்டேன். தன்னினும் வலியவனைத் தேடிச் சென்று எதிர்ப்பவன் வென்றாலும் தோற்றாலும் புகழுக்கு உரியவன். எளியவர்களைப் பொறுக்கி வீழ்த்திக் கணக்கைப் பெருக்கிக்கொள்பவன் எத்தனை முறை வென்றாலும் புகழுக்கு உரியவன் அல்லன் என்பது என் வாதம். முத்தாய்ப்பாக வள்ளுவரைத் துணைக்கு அழைத்தேன். முயலை வீழ்த்திய அம்பையும் யானையைத் தப்பவிட்ட வேலையும் நிறுத்துப் பார்த்த அந்தக் குறளைச் சொன்னதும் கைதட்டல் எழுந்தது. நடுவர் எங்கள் அணிக்கே தீர்ப்பும் வழங்கினார்.

கூட்டம் கலைந்து சிற்றுண்டிக்கு வரிசையில் நின்றபோது, நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் அருகில் வந்தார். தரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தம் படைப்பிரிவுக்காகப் பல ஆண்டுகள் குத்துச்சண்டை ஆடியவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிய வந்தது. "நன்றாகப் பேசினீர்கள், தம்பி. ஆனால் அடி வாங்கியவன் யார், கைதட்டியவன் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள்" என்றார். அவர் சினந்து சொல்லவில்லை. கேசரித் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னார். எனக்கு விடை கூற நா எழவில்லை. மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று செயலாளர் கேட்டபோது, அன்று நான் பேசியதையே மறுபடி ஆராய்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் குறளையே திரும்ப எடுத்துப் படித்தேன். படைச்செருக்கு அதிகாரத்தின் இரண்டாம் குறள் அது. பெரிய முயற்சியில் தோற்றவனைப் போற்றுங்கள் என்று பிறர்க்கு இடப்பட்ட கட்டளைபோல் மேடைப் பேச்சாளர்கள் அதனை எடுத்தாள்கிறோம். குறளில் அப்படியொரு கட்டளை இல்லை. புகழ் என்ற சொல்லும் இல்லை. அத்தகைய வேலை ஏந்துதல் இனிது என்றே இருக்கிறது. இனிமை யாருக்கு? ஏந்துகிறவனுக்கு. பரிமேலழகர் இதனை ஒரு வீரனின் கூற்றாகவே கொள்கிறார். மாற்றரசனின் படையோடு பொருது, அப்படை புறங்கொடுத்தமைக்கு நாணி, பின் அவ்வரசன் மேலேயே செல்லத் துணிந்தவன் சொல்வது என்பது அவர் தரும் விளக்கம். ஆக, அது களத்தில் நிற்பவனின் சொல். வேல் குறி தவறினால் யானை தன்மீது திரும்பும் என்பதை அறிந்தவன் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு ஒரு விலை உண்டு. மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு முன் நின்று நான் அதையே சொன்னபோது எனக்கு என்ன செலவாயிற்று?

புலவர்கள் புகழவில்லையா என்று கேட்கலாம். புகழ்ந்தார்கள். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடிய இடைக்குன்றூர் கிழார், ஒருவனை ஒருவன் வெல்வதும் தோற்பதும் உலகத்துக்குப் புதிதன்று என்று சாதாரண வெற்றிகளை முதலில் ஒதுக்கித் தள்ளிவிட்டே, எழுவரைத் தனியொருவனாய் எதிர்த்ததை வியக்கிறார். சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போர் புரிந்து வென்றதைப் பாடும் சாத்தந்தையார், முதலில் அம்மல்லனின் வலிமையைச் சொல்லிவிட்டுத்தான் அவனை வீழ்த்திய காட்சிக்கு வருகிறார். தந்தையாகிய தித்தன் மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இதனைக் கண்டிருக்க வேண்டும் என்று அவர் ஏங்குவது, மோதல் கண்ணெதிரே நடப்பதுபோல் இருக்கிறது. எதிரியின் வலிமையே வென்றவனை அளக்கும் கோல் என்பது சங்கப் புலவர்களின் தெளிந்த கொள்கை. ஒன்றை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்: அந்த மல்லனின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. ஆமூரான் என்ற அளவோடு சரி.

இந்தக் கோலை இன்றைய தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் பொருத்திப் பார்த்தால் என்ன ஆகிறது? அமெரிக்கரான ஃபிளாய்ட் மேவெதர் 50 போட்டிகளில் 50 வெற்றி பெற்றவர். அந்த ஐம்பதாவது வெற்றி, 2017-இல், அதற்கு முன் ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டைப் போட்டியிலும் இறங்கியிராத கானர் மெக்ரெகர் மீது பெற்றது. மெக்ரெகர் வேறொரு சண்டைக்கலையில் புகழ் பெற்றவர். இந்தக் கலைக்கு அன்றுதான் வந்தவர். பிலிப்பைன்ஸின் மேனி பக்கியாவோவோடு மேவெதர் மோத வேண்டும் என்று 2009 முதல் பேச்சு நடந்தது. போட்டி நடந்தது 2015 மே மாதத்தில். இடையில் 2012-இல் மார்க்கெஸ் என்ற மெக்சிகோ வீரரின் ஒரே குத்தில் பக்கியாவோ மேடையில் முகங்குப்புற விழுந்து கிடந்ததை உலகம் பார்த்திருந்தது. புலி சற்றே கிழடாகும்வரை வேட்டைக்காரர் காத்திருந்தார் என்று பலர் எழுதினார்கள். நானும் பட்டிமன்றத்தில் அப்படித்தான் முழங்கினேன். ஆனால் அதே மேவெதர் 2013-இல், தம் 36-ஆம் வயதில், அதுவரை தோல்வியே காணாத 23 வயது கானெலோ அல்வாரெஸை எதிர்த்து வென்றவர் என்பதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வாதம் அத்தனை கூர்மையாக இருந்திராது.

ராக்கி மார்சியானோவின் கதையும் இத்தகையதே. 49 போட்டி, 49 வெற்றி, 1956-இல் ஓய்வு. அவர் வீழ்த்திய பெரும் பெயர்கள் எல்லாம் முதுமை எய்தியவை என்பது அவர் மீதுள்ள குறை. 1951-இல் அவர் வீழ்த்திய ஜோ லூயிக்கு வயது 37. வரிக்கடன் நெருக்க, ஓய்விலிருந்து மீண்டும் மேடைக்கு வந்தவர். உண்மைதான். ஆனால் 1952-இல் 38 வயது வால்காட் அவரை முதற்சுற்றிலேயே தரையில் தள்ளி, பன்னிரண்டு சுற்றுகள் வரை புள்ளிகளில் முன்னிலை வகித்தார். பதின்மூன்றாம் சுற்றில்தான் மார்சியானோவின் வலக்கை பேசியது. தன் காலத்தில் இல்லாத எதிரியை எவனும் சந்திக்க முடியாது.

வலியவன் இருந்தும் அவனைத் தவிர்ப்பதற்கென்றே ஒரு மரபை உண்டாக்கிக்கொண்ட காலமும் உண்டு. கறுப்பர்களுக்கு ஹெவிவெயிட் பட்டப் போட்டியில் இடமில்லை என்று வெள்ளைச் சாம்பியன்கள் வைத்திருந்த நிறக்கோடுதான் அது. அச்சத்துக்குக் கௌரவமான பெயர் சூட்டிய ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். ஜாக் ஜான்சன் உலகெங்கும் துரத்திச் சென்று, 1908 டிசம்பரில் சிட்னியில் டாமி பர்ன்ஸைப் பிடித்தார். பதினான்காம் சுற்றில் காவலர் புகுந்து போட்டியை நிறுத்த வேண்டியிருந்தது. கோட்டைத் தாண்டி ஜான்சனுக்கு வாய்ப்பளித்த பர்ன்ஸ் பாராட்டுக்கு உரியவர்தாமே? அவர் அதற்கு 30,000 டாலர் வாங்கிக்கொண்டுதான் ஒப்பினார். அதனால் பாராட்டு குறையுமா என்று எனக்குள் நெடுநேரம் வழக்காடினேன். குறையாது என்றே இறுதியில் தோன்றியது. அவருக்கு முன்னிருந்தவர்கள் எந்த விலைக்கும் ஒப்பவில்லை. இன்னொன்று: கோட்டை உடைத்த ஜான்சனே சாம்பியனான பிறகு, அக்காலத்தின் மிகக் கடினமான கறுப்பு வீரர்களுள் ஒருவரான சாம் லாங்ஃபோர்டுக்குப் பட்டப் போட்டி தரவில்லை. பின்னர் 1919 முதல் 1926 வரை சாம்பியனாயிருந்த டெம்ப்ஸியும் ஹாரி வில்ஸைச் சந்திக்கவே இல்லை. அந்தச் சாம்பியன்களின் பெயர்களைக் கேட்கும்போதெல்லாம் லாங்ஃபோர்டும் வில்ஸும் என் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இதுவரை நான் பட்டிமன்றத்தில் பேசியதற்குப் பெரிய பழுதில்லை. பழுது இனிமேல்தான் வருகிறது.

வலியவனை எதிர்ப்பதே புகழுக்குப் போதுமானதென்றால், முதலில் புகழ வேண்டியது யாரை? வளர்ந்து வரும் வீரனின் கணக்கில் வெற்றி சேர்ப்பதற்காக வாரந்தோறும் ஊர் ஊராகப் பேருந்தேறிச் சென்று தோற்கும் கூலி வீரர்களை அன்றோ? தொழில்முறைக் குத்துச்சண்டை அவர்களின் முதுகின்மேல்தான் நிற்கிறது. அவர்கள் ஒவ்வொரு முறையும் தம்மினும் வலியவனையே எதிர்க்கிறார்கள். அதற்காகத்தான் அவர்களுக்குக் கூலி. அவர்களை யாரும் பாடியதில்லை. ஆமூர் மல்லனுக்கு ஊர்ப் பெயராவது மிஞ்சியது. ஆகவே நாம் புகழ்வது எதிரியின் வலிமையை மட்டும் அன்று. வேறு வழி இருந்தும் கடினமான வழியைத் தேர்ந்தவனைப் புகழ்கிறோம். தேர்வு இல்லாத இடத்தில் நமக்கு எழுவது இரக்கம். பல நேரங்களில் அதுவும் எழுவதில்லை.

இருபுறமும் சேராத ஒருவரும் உண்டு. நியூ ஜெர்ஸியில் மதுவிற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்துக்கொண்டே சண்டையிட்ட சக் வெப்னர், 1975 மார்ச்சில் முகம்மது அலியை எதிர்த்து, பதினைந்தாம் சுற்றின் கடைசி விநாடிகள்வரை நின்றார். அந்தப் போட்டியைப் பார்த்துத்தான் சில்வெஸ்டர் ஸ்டாலோன் 'ராக்கி' திரைப்படத்தை எழுதினார். திரைப்படம் உலகைச் சுற்றியது. அந்த வீரரின் முகத்தில் போட்ட தையல்கள் அவருடையவையாகவே இருந்தன.

இனி அலிக்கு வருவோம். இந்தப் பொருளில் அவரை விட்டுவிட்டு யாரும் பேச முடியாது. 1964 பிப்ரவரியில் காசியஸ் கிளே என்ற பெயரோடு 22 வயதில் ஸோனி லிஸ்டனை அவர் எதிர்த்தபோது, பந்தயக்காரர்கள் ஏழுக்கு ஒன்று என்று அவருக்கு எதிராகக் கட்டினார்கள். லிஸ்டன் அதற்குமுன் ஃபிளாய்ட் பேட்டர்ஸனை இருமுறை முதற்சுற்றிலேயே சாய்த்தவர். அந்த லிஸ்டன் ஏழாம் சுற்றுக்கு முக்காலியை விட்டு எழவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின், 1974 அக்டோபர் 30 அன்று, ஜயர் நாட்டின் கின்ஷாஸாவில் விடியற்காலை இருளில் ஜார்ஜ் ஃபோர்மனை எதிர்த்தார். அலிக்கு 32, ஃபோர்மனுக்கு 25. அலியைத் தோற்கடித்த ஜோ பிரேசியரை ஃபோர்மன் இரண்டு சுற்றுகளில் ஆறுமுறை தரையில் வீழ்த்தியிருந்தார். அலியின் தாடையை உடைத்த கென் நார்ட்டனையும் இரண்டே சுற்றுகளில் முடித்திருந்தார். அலியோ அன்று ஆடி அசைந்து தப்பித்துக்கொள்ளவில்லை. கயிற்றில் சாய்ந்து நின்று, கைகளால் முகத்தையும் விலாவையும் மறைத்து, ஃபோர்மன் ஓயும்வரை அவர் குத்துகளை வாங்கிக்கொண்டார். எட்டாம் சுற்றில் ஓய்ந்தவரைச் சாய்த்தார். ஆளுக்கு ஐம்பது லட்சம் டாலர் என்பது ஒருபுறம் இருக்க, அந்த இரவில் அலி காட்டியது வெறும் துணிச்சல் அன்று. எதிரியின் வலிமை எங்கே தீரும் என்பதைக் கணித்து வைத்திருந்த அறிவு அது. இடைக்குன்றூர் கிழார் இருந்திருந்தால் பாடியிருப்பார்.

ஆனால் அந்தப் பாடலைக் கேட்டவர்கள் எல்லாரும் மீண்டும் அதையே பாடச் சொன்னார்கள். கயிற்றில் சாய்ந்து அடிவாங்குவது அலியின் வழக்கமாயிற்று. 1977-இல் எர்னி ஷேவர்ஸின் பேரிடிகளை அவர் பதினைந்து சுற்றுகள் தாங்கி வென்றபோது அரங்கம் ஆரவாரித்தது. அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, இனி ஆட வேண்டாம் என்று எச்சரித்தும் கேட்பாரில்லாமையால், அதன்பின் விலகிக்கொண்டார். 1980 அக்டோபரில் 38 வயது அலி, தம்மிடம் பயிற்சித் துணையாக இருந்து வளர்ந்த லாரி ஹோம்ஸை எதிர்த்தார். தன்னினும் வலியவனை எதிர்த்தவர் அவர் அன்றும்தான்! பத்துச் சுற்றுகள் அடி மட்டுமே விழுந்தது. பயிற்சியாளர் ஆஞ்செலோ டண்டி போட்டியை நிறுத்தினார். 1984-இல் பார்க்கின்சன் நோய்க்குறிகள் அலிக்கு இருப்பதாக மருத்துவர்கள் கூறினார்கள். 2016-இல் மறையும்வரை அந்தக் கை நடுக்கத்தோடும் தேய்ந்த குரலோடும் வாழ்ந்தார். நோய்க்குக் காரணம் குத்துகள்தாம் என்று மருத்துவம் அறுதியிட்டுக் கூறிற்று என நான் எழுத மாட்டேன். ஆனால் ஹோம்ஸ் போட்டிக்குச் சீட்டு வாங்கியவர்களுக்கு எந்தப் புகழுரை நினைவில் இருந்தது என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. பட்டிமன்றத்தில் நான் சொன்னதே அது.

பென்னி பாரெட்டின் முடிவு இன்னும் கொடிது. கியூபாவில் கரும்புக் காட்டிலிருந்து வந்த அவர் வெல்டர்வெயிட் சாம்பியன். 1961 டிசம்பரில் தம்மினும் எடை மிகுந்த பிரிவின் சாம்பியனான ஜீன் ஃபுல்மரை எதிர்த்துப் பத்தாம் சுற்றில் கடுமையாக அடிபட்டுச் சாய்ந்தார். பெரியவனை எதிர்த்தவன் என்ற பெயர் அவருக்கு உண்டு. நான்கு மாதம்கூட ஆகுமுன் 1962 மார்ச்சில் எமில் கிரிஃபித்தோடு மோத மேடையேற்றப்பட்டார். மூலையில் சிக்கி நினைவிழந்து, பத்து நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். மேடையேற்றப்பட்டார் என்று செயப்பாட்டு வினையில் எழுதினேன். அந்த வினைக்கு எழுவாயைத் தேடினால் மேலாளர், அரங்க உரிமையாளர், தொலைக்காட்சி நிறுவனம் என்று நீண்டு, பார்வையாளன்வரை வரும்.

அப்படியானால் தோற்றவனைப் புகழவே கூடாதா? புகழலாம் என்பதற்கு நம்மிடமே ஒரு சான்று இருக்கிறது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனின் முகத்துக்கு நேரே, வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பாற் புலவர், உன்னினும் நல்லவன் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த அவனே என்று தோற்ற சேரனைச் சொல்கிறார். வென்ற மன்னன் முன் அதைச் சொல்வதற்கு அவருக்கே துணிவு வேண்டியிருந்தது; அவருடைய புகழுரை இலவசமானது அன்று. இதோடு நான் ஒப்பிட்டுப் பார்ப்பது 1975 அக்டோபர் முதல் நாள் பிலிப்பைன்ஸில் நடந்த அலி–பிரேசியர் மூன்றாம் போட்டியை. கொளுத்தும் வெப்பத்தில் பதினான்கு சுற்றுகள். பிரேசியரின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. இன்னும் ஒரு சுற்றே மீதி. அவர் ஆடத் துடித்தார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் கையுறைகளை அவிழ்க்கச் சொன்னார். சேரன் நாணி உயிர்விட்டதைப் பாடிய மரபில் வந்த நமக்கு, நாணத்தைப் பொருட்படுத்தாமல் ஒருவனை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியவனைப் பாடத் தெரியவில்லை. அந்தப் போட்டியில் என் பாராட்டின் பெரும்பங்கை இப்போது ஃபட்ச்சுக்கே தருகிறேன். பட்டிமன்றத்தில் அவர் பெயரை நான் உச்சரிக்கவும் இல்லை.

நம் நாட்டுக்கு வந்தால் கேள்வியின் வடிவமே மாறுகிறது. ஒலிம்பிக், ஆசியப் போட்டி முதலியவற்றில் எதிரியை வீரன் தேர்வதில்லை; குலுக்கல் தேர்கிறது. மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் எனக்கு இது நன்றாகவே விளங்கும். கடினமான கோப்பு யார் மேசைக்கு வரும் என்பதைக் கோப்பைப் பார்ப்பவன் முடிவு செய்வதில்லை. மேரி கோம் 2012-க்கு முன்பே ஐந்து உலகப் பட்டங்களை 45, 46, 48 கிலோ எடைப் பிரிவுகளில் வென்றிருந்தவர். 2012-இல் பெண்கள் குத்துச்சண்டை முதன்முறையாக லண்டன் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது, அங்கிருந்த மிகக் குறைந்த பிரிவு 51 கிலோ. ஆகவே தம்மினும் உயரமும் எடையும் மிகுந்த பெண்களோடு மோதி, அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று, வெண்கலத்தோடு திரும்பினார். வலியவரை எதிர்க்க அவர் தேர்ந்தாரா, விதி அவரைத் தள்ளியதா? இரண்டும்தான். போகாமல் இருந்திருக்கலாம், போனார். இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயான பின் போனார்.

நம் தில்லியிலேயே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1980 ஜனவரியில் இங்கு வந்த அலியோடு காட்சிப் போட்டியில் நான்கு சுற்றுகள் ஆடியவர் நம் தரைப்படை வீரர் கௌர் சிங். பின்னர் 1982-இல் இதே தில்லியின் ஆசியப் போட்டியில் ஹெவிவெயிட் தங்கம் பெற்றவர். காட்சிப் போட்டியில் வெற்றி தோல்வி இல்லை; அலியும் முழு வலிமையைக் காட்டியிருக்க மாட்டார். ஆயினும் அலியோடு மோதிய இந்தியர் என்ற ஒற்றை வரியே நாற்பதாண்டுகள் அவரோடு நடந்தது. ஆசியத் தங்கத்தைவிட அதைத்தான் ஊர் பேசிற்று. பஞ்சாபில் தம் கிராமத்தில் உழவு செய்துகொண்டிருந்த அவர், இதய நோய் மருத்துவத்துக்குக் கடன் வாங்கிய செய்தி 2017-இல் நாளேடுகளில் வந்தது. அதன் பிறகே உதவிகள் வந்தன. 2023 ஏப்ரலில் காலமானார்.

கட்டுரையை எழுதி முடிக்குமுன் அந்தப் பெரியவரின் வீட்டுக்குச் சென்றேன். தாங்கள் எதிர்த்தவர்களுள் மிக வலியவர் யார், ஐயா, என்று கேட்டேன். தலையைத் திருப்பி, இன்னொரு முறை சொல்லுமாறு கேட்டார். சொன்னேன். "சீட்டில் வந்த பெயர்தானே, மறந்துவிட்டது. வலக்கைக்காரன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது" என்றார். பிறகு, தம் இடக்காதில் அன்றிலிருந்து கேட்பதில்லை என்றும், மறுபக்கத்து நாற்காலியில் வந்து அமருமாறும் சொன்னார்.